காட்டுக்குள் தெரியும் வரம்புகள் எத்தனை காலத்துப் பழையவை?

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு, வவுனியா வடக்கில் உள்ள அம்மாவின் ஊரைக் கூகிள் எர்த்தில் பார்த்திருக்கிறீர்கள். உடைந்து கிடக்கும் ஒரு சிறு குளத்துக்குக் கீழே, பற்றைக்காட்டுக்குள், வளைந்து வளைந்து போகும் மெல்லிய கோடுகள். இங்கிலாந்தின் புல்மேடுகளில் ஆதிகால வயல்கள் ஆகாயத்திலிருந்து தெரிவதைக் காட்டும் வீடியோ ஒன்றும் கண்ணில் பட்டிருக்கிறது. "இதுவும் அப்படித்தானா, ஆயிரம் இரண்டாயிரம் வருடத்துப் பழைய வயலா?" என்று கேட்கிறீர்கள். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த இடத்தில் வயல் செய்யத் தொடங்கி எவ்வளவு காலம் என்பது ஒன்று. இன்று படத்தில் தெரிகிற அந்த வரம்பு எப்போது கட்டப்பட்டது என்பது மற்றது. முதலாவதற்கு விடை மிகப் பழையதாக இருக்கலாம். இரண்டாவதற்கு விடை பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது வருடத்துக்குள் முடிந்துவிடும். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் எங்கள் ஊர்ப் பழமை பற்றிய பேச்சில் பாதிக் குழப்பம் வருகிறது.

இங்கிலாந்தில் ஏன் அப்படித் தெரிகிறது என்பதை முதலில் சொல்கிறேன். அங்கே சுண்ணக்கல் மேடுகளில் சரிவுக்குக் குறுக்கே பல நூறு வருடம் உழுதபோது மேலிருந்த மண் மெல்ல இறங்கி, வயலின் கீழ் விளிம்பில் ஒரு படியாகச் சேர்ந்தது. பிறகு உழவு நின்று, அந்த நிலம் ஆட்டு மேய்ச்சலுக்கு விடப்பட்டது. புல் மூடிய அந்தப் படிகள் மாலை வெயிலில் நிழல் போடும். 1920களில் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஓ.ஜி.எஸ். குறோபோட் வான்படங்களில் பார்த்து வரைந்தது இந்த நிழல்களைத்தான். அயர்லாந்தின் மேயோப் பகுதியில் உள்ள செய்டே வயல்களின் கல் மதில்களைச் சதுப்புக் கரிமண் மூடிக் காத்தது. ராஜஸ்தானின் காலிபங்கனில் ஹரப்பா நகரத்துக்கும் முந்திய உழுசால்கள் அப்படியே கிடைத்தன. ஒரு திசையில் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர், குறுக்குத் திசையில் 1.9 மீற்றர் இடைவெளியில் உழுதிருந்தார்கள். பின்னால் வந்த குடியிருப்பின் இடிபாடு அந்த வயலை மூடிவிட்டதால்தான் அது தப்பியது. ஆக, வயல் தப்ப வேண்டுமென்றால் கல்லால் கட்டியிருக்க வேண்டும், அல்லது ஏதாவது அதை மூடியிருக்க வேண்டும், அல்லது ஒரேயடியாகக் கைவிட்டு யாரும் திரும்பாமல் இருக்க வேண்டும்.

எங்கள் நெல்வயலுக்கு இந்த மூன்றும் அரிதாகத்தான் வாய்க்கும். வரம்பு என்பது ஒரு முழம் அகலமும் அதைவிடக் குறைந்த உயரமும் உள்ள சேற்றுக் கட்டு. ஒவ்வொரு காலபோகத்துக்கும் மண்வெட்டியால் பக்கத்தைச் செருக்கி, புதுச் சேற்றை அள்ளிப் பூசி, நண்டு வளையை அடைத்துத்தான் அது நிற்கிறது. அப்படிப் பார்த்தால் எந்த வரம்பின் வெளித்தோலும் போன வருடத்துடையது. விட்டுவிட்டால் ஒக்டோபர், நவம்பர் மழை, மாட்டுக் குளம்பு, கறையான், வேர் எல்லாம் சேர்ந்து சில பத்தாண்டுகளுக்குள் அதைத் தரையோடு தரையாக்கிவிடும். படத்தில் இன்னும் வரம்பாகவே தெரிகிறதென்றால் அது கைவிடப்பட்டு நெடுங்காலம் ஆகவில்லை என்றுதான் முதலில் எண்ண வேண்டும்.

ஆனால் வரம்பு கரைந்தாலும் மட்டவேறுபாடு கரையாது. சரிவு நூற்றுக்கு ஒன்று என்று வையுங்கள். 20 மீற்றர் அகலமான ஒரு துண்டைத் தண்ணீர் நிற்க மட்டமாக்கினால், அதற்கும் அடுத்த துண்டுக்கும் இடையில் 20 சென்ரிமீற்றர் படி விழும். மேல் பாதியில் வெட்டிய மண் கீழ் பாதியில் கிடக்கும். வரம்பு போன பிறகும் அந்தப் படி சாய்ந்து வட்டமாகி நிற்கும். அதன் மேல் விளிம்பில் ஈரம் சற்றுக் கூடுதலாக நிற்பதால் புல் பச்சை பிடிக்கும். செய்மதிப் படத்தில் நீங்கள் பார்க்கும் கோட்டின் பாதி இந்த ஈரத்தின் நிறமாக இருக்கலாம். இதனால்தான் ஒரு படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது. கூகிள் எர்த்தில் பழைய படங்களைக் காட்டும் கடிகாரக் குறி இருக்கிறது. அதை அழுத்தி ஓகஸ்ட், செப்ரெம்பர் வறட்சிப் படம் ஒன்று, முதல் மழைக்குப் பிந்திய ஒக்டோபர் கடைசிப் படம் ஒன்று, பெப்ரவரிப் படம் ஒன்று என மூன்றையும் ஒப்பிடுங்கள். மூன்றிலும் ஒரே இடத்தில் நிற்கும் கோட்டை மட்டும் கணக்கில் எடுங்கள்.

அடுத்து, அது வயல்தானா என்பதைக் கழித்துக் கழித்துப் பார்க்க வேண்டும். வன்னிக் காட்டில் கோடு போடுவதற்கு ஆட்கள் நிறைய. தேக்கு நட்ட காடு என்றால் கோடுகள் கயிறு பிடித்தது போல் நேராக, சம இடைவெளியில் போகும். நில அளவைக்காரர் வெட்டிய எல்லைப் பாதையும் நேர்கோடுதான். ஆனால் தனியாக நீளப் போகும். யுத்தகாலத்து மண் அணைகள் உயரமானவை, ஒரு பக்கத்தில் குழி இருக்கும், நீரோட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் மேட்டையும் பள்ளத்தையும் வெட்டிக்கொண்டு போகும். காட்டை எரித்துப் பயிர் செய்து கைவிட்ட சேனைக்கு ஒழுங்கற்ற வெளி விளிம்பு தெரியும், உள்ளே பிரிவு தெரியாது. குடியேற்றத் திட்டத்து வயல்களில் வாய்க்கால் நேராக, துண்டுகள் செவ்வகமாக, ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். மகாவலியில் ஒரு குடும்பத்துக்கு ஒரு ஹெக்டெயர் என்று அளந்து கொடுத்த ஒழுங்கு ஆகாயத்திலிருந்தே தெரியும். பழைய ஊர்வயல் இவை எதைப் போலவும் இராது. குளக்கட்டுக்கு நேர் கீழே தொடங்கும். இரு ஓரமும் வாய்க்கால் மேட்டைத் தழுவிப் போகும், நடுப் பள்ளத்தில் பழைய ஓடை வடிகாலாக ஓடும், இடையில் வரம்புகள் நிலத்தின் வளைவைப் பின்பற்றி வளையும். நீங்கள் சொல்லும் "வளைந்து வளைந்து" என்பது நல்ல அறிகுறி. அது பழைய முறையைக் காட்டுகிறது, பழைய காலத்தை அல்ல.

இந்தப் பழைய முறையைச் சிங்களக் கிராமங்களில் 'புராண வெல' என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் பிறகும் அரசிடம் ஏக்கர் கணக்கில் வாங்கிச் சேர்த்ததை 'அக்கர வெல' என்று பிரித்துச் சொல்வார்கள். 1954இல் மானிடவியலாளர் எட்மண்ட் லீச் புல் எளிய என்ற ஊரில் ஒவ்வொரு வரம்பாக வரைந்து, பழைய நில அளவைப் படங்களோடு ஒப்பிட்டார். ஆள் மாறியது, காணி உறுதி மாறியது, வயலின் அமைப்பு மட்டும் அநேகமாக மாறவேயில்லை. காரணம் எளிது. வாய்க்கால் மட்டத்தை ஒருவர் மாற்றினால் கீழே உள்ள எல்லோருக்கும் தண்ணீர் தவறும். எனவே ஊர் அதை மாற்ற விடாது. வரம்பின் மண் புதிது, வரம்பு நிற்கும் இடம் பழையது என்று நான் சொல்வதற்கு இதுவே அடிப்படை. ஆனால் லீச் காட்டியது சில பத்தாண்டுகளின் நிலைப்பு. அதையே இரண்டாயிரம் வருடத்துக்கு நீட்டுவது ஊகம். இடையில் பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குப் பிறகு உலர்வலயத்தின் பெரும்பகுதி கைவிடப்பட்டது. பல குளங்கள் உடைந்து காடாகி, பிறகு வேறு குடிகளால் மீண்டும் கட்டப்பட்டன. திரும்பி வந்தவர்கள் பழைய வாய்க்காலைத் தேடி எடுத்தார்களா, புதிதாக வெட்டினார்களா என்பதை ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

உறுதியாகச் சொல்லக்கூடியவை உண்டு. அனுராதபுரத்தில் தொல்லியலாளர் சிரான் தெரணியகல செய்த அகழ்வு, கி.மு. 900 அளவிலேயே இரும்பும் மாடும் நெல்லும் உள்ள குடியிருப்பைக் காட்டியது. ஆனமடுவுக்கு அருகிலுள்ள தோணிகலவின் 4ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு நெல்லையும் உழுந்தையும் வட்டிக்கு வைப்பிட்ட செய்தியைச் சொல்லி, வருடத்தின் மூன்று அறுவடைகளைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஆக, வயல்கள் இருந்தன, போகம் போகமாக விளைந்தன. எந்தத் துண்டு, எந்த வரம்பு என்பதைக் கல்வெட்டு காட்டாது. மறுபக்கம், ஹோர்ட்டன் சமவெளிச் சதுப்பு மண்ணில் கிடைத்த மகரந்தத்தை வைத்துப் பத்தாயிரம் வருடத்துக்கு முன்பே அங்கு பார்லி, ஓட்ஸ் பயிரிட்டார்கள் என்ற கருத்து உண்டு. காட்டுப்புல்லின் மகரந்தத்தையும் பயிரின் மகரந்தத்தையும் பிரிப்பது அவ்வளவு கடினம் என்பதால் அதை நான் முடிந்த விடயமாக எடுப்பதில்லை.

உங்கள் இடத்தில் சான்று எங்கே இருக்கும்? முதல் இடம் மண்ணின் வெட்டுமுகம். அதற்காக நீங்கள் குழி வெட்டக் கூடாது, சட்டத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். உடைத்துக்கொண்டு ஓடிய ஓடை ஏற்கெனவே கரையைச் செங்குத்தாக அறுத்து வைத்திருக்கும். அந்தக் கரையை ஒரு கரண்டியால் மெல்லச் சுரண்டித் துடைத்துப் பாருங்கள். நெல் செய்த மண் என்றால் மேலே ஒரு சாண் அளவு சாம்பல் நிறச் சேற்று மண், அதற்குக் கீழே நான்கு விரல் கனத்தில் கத்தி நுனி இறங்க மறுக்கும் ஓர் இறுகிய தட்டு. மாடும் மனிதனும் வருடா வருடம் சேறு மிதித்ததால் வந்த தட்டு அது. பழைய வேர் போன துளைகளின் ஓரம் எல்லாம் செம்மஞ்சள் துரு பிடித்திருக்கும். இங்கே ஒரு பொறி உண்டு. உலர்வலயத்தில் மேட்டில் செங்கபில மண்ணும், பள்ளத்தில் இயற்கையாகவே சாம்பல் களியும் இருக்கும். சாம்பல் நிறத்தைக் கண்டவுடன் வயல் என்று சொன்னால் ஏமாந்து போவோம். இயற்கைச் சதுப்பில் கீழே போகப் போகச் சாம்பல் கூடும், ஏனென்றால் தண்ணீர் கீழிருந்து வருகிறது. வயலில் தண்ணீரை மேலே கட்டி நிறுத்துவதால் சாம்பல் மேலே இருக்கும், தட்டுக்குக் கீழே மண் மீண்டும் கபில நிறமாகும். இந்தத் தலைகீழ் வரிசையைத்தான் தேட வேண்டும். இரண்டு தட்டுகள் ஒன்றன் கீழ் ஒன்றாக, இடையில் வண்டல் படையோடு தெரிந்தால் உடனே படம் எடுத்து ஒரு மண் விஞ்ஞானியிடமோ தொல்லியலாளரிடமோ காட்டுங்கள். விட்டுப்போய்த் திரும்பிச் செய்த வயலின் அடையாளமாக அது இருக்கக்கூடும்.

மண்ணுக்குள் நெல்லின் தடயம் வேறு வடிவிலும் இருக்கிறது. நெல் இலை மக்கினாலும் அதன் கலங்களில் படிந்த சிலிக்கா நுண்துகள்கள் மக்காது. நுண்ணோக்கியில் விசிறி வடிவில், விளிம்பில் மீன்செதில் போன்ற பொளிவுகளோடு தெரியும். இது ஆய்வுகூட வேலை. இதிலும் எச்சரிக்கை வேண்டும். எங்கள் குளங்களில் காட்டுநெல் தானாகவே முளைக்கிறது, அதன் துகளும் அதே சாயல்தான். செதில்களின் எண்ணிக்கையையும் உமித் துகள்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் பயிர்நெல் என்று சொல்ல முடியும்.

வயது அறிவதில்தான் பெரிய சிக்கல். வரம்பிலோ குளக்கட்டிலோ பழைய பானை ஓடு கிடைத்தால், கட்டு அந்த ஓட்டுக்குப் பிந்தியது என்று மட்டுமே பொருள். பழைய குடியிருப்பு மண்ணை அள்ளிக் கட்டியிருப்பார்கள். கரித்துண்டு கிடைத்தால் மேலேயுள்ள சேனையில் எரிந்த பழைய மரத்தின் கரி மழையோடு வந்திருக்கலாம். மணல் துகள் கடைசியாக எப்போது வெயில் பார்த்தது என்று அளக்கும் ஒளித் தூண்டல் முறையை அனுராதபுரத்தைச் சுற்றியுள்ள சிறு குளங்களில் பயன்படுத்தி நல்ல பயன் கண்டிருக்கிறார்கள். ஆனால் கூடை கூடையாகக் கொட்டிய மண்ணில் எல்லாத் துகளும் வெயில் பார்த்திராது, அதனால் வயது கூடுதலாக வரும். கறையான் மேலும் கீழும் மண்ணைக் கலந்தாலும் கணக்குப் பிழைக்கும். அதனால் கட்டின் மண்ணோடு குளத்தின் உட்புற வண்டலையும் சேர்த்து அளப்பார்கள். குளம் எப்போது தண்ணீர் பிடிக்கத் தொடங்கியது, எப்போது தூர்ந்தது என்ற இரண்டு முனையும் அங்கேதான் கிடைக்கும்.

ஆகவே ஊருக்குப் போனால் வரம்பைவிட, குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் மதகான துருசைத் தேடுங்கள். ஒரு சிறு குளத்தின் வயலை அறிய அதன் துருசு நிற்கும் இடமும் மட்டமும் தெரிந்தால் போதும். அந்த மட்டத்துக்குக் கீழுள்ள நிலத்துக்குத்தான் தண்ணீர் பாய்ந்திருக்கும். கட்டின் உட்சரிவில் செங்குத்தாக நிற்கும் கற்பலகைகள், கொத்திய கற்றூண், பெரிய செங்கல் இருக்கிறதா பாருங்கள். செங்கல் இருந்தால் உடையாத பத்துக் கல்லின் நீளம், அகலம், கனம் மூன்றையும் மில்லிமீற்றரில் எழுதுங்கள். நீர்ப்பாசனப் பொறியியலாளராக இங்கு வேலை செய்த ஹென்றி பார்க்கர், நூறு வருடத்துக்கு முன்பே செங்கல் அளவை வைத்துக் குளங்களின் காலத்தைக் கணிக்க முயன்றார். காலம் செல்லச் செல்லக் கல் சிறிதாகிறது என்ற பொதுப் போக்கு சரிதான். ஆனால் இடிந்த விகாரையிலிருந்தோ கோவிலிலிருந்தோ பெயர்த்து வந்த கல்லாகவும் இருக்கலாம். ஒரு கல்லை அளந்து காலம் சொல்வது அபாயம். இன்னொரு இடம் அலைகரை, அதாவது குளம் நிரம்பும்போது தண்ணீர் ஏறி நிற்கும் மேல்கரை. பிற்காலத்தில் கட்டை உயர்த்தியபோது குளத்தின் மேற்பகுதியில் இருந்த வயல்கள் மூழ்கி வண்டலால் மூடப்பட்டிருக்கும். கடும் வறட்சியில் அலைகரையில் கோடுகள் தெரிந்தால் கட்டுக்குக் கீழே உள்ளவற்றைவிட அவை எனக்கு அதிக ஆர்வம் தரும். காலிபங்கனில் நடந்தது போல, மூடப்பட்டது தப்பும்.

கொழும்பில் இருந்தபடியே செய்யக்கூடிய வேலை நிறைய உண்டு. கிருள வீதியிலுள்ள நில அளவைத் திணைக்களத்தில் ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் பழைய வரைபடத் தாளைக் கேளுங்கள். அதில் உங்கள் குளம் கைவிட்ட குளமாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா, கீழே வயல் நிறம் இருக்கிறதா பாருங்கள். எஃப்.வி.பி. எனப்படும் கிராமப் படம் உங்கள் ஊருக்கு இருந்தால் அதிர்ஷ்டம், துண்டு துண்டாக இலக்கமும் உரிமை கோரியவர் பெயரும் கிடைக்கும். எல்லா ஊருக்கும் அது இல்லை. 1956இல் எடுத்த வான்படங்களும், 1960 முதல் 1972 வரை எடுத்து 1995இல் பகிரங்கமாக்கிய அமெரிக்காவின் கொரோனா செய்மதிப் படங்களும் யுத்தத்துக்கும் உழவு இயந்திரத்தின் பெருக்கத்துக்கும் முந்திய வன்னியைக் காட்டுபவை. கொரோனா படங்களில் ஏற்கெனவே ஸ்கான் செய்தவற்றை அமெரிக்க புவியியல் ஆய்வகத்தின் இணையத்தளத்தில் இலவசமாக இறக்கலாம். கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் காலத் தோம்புகள், அதாவது காணிப் பதிவேடுகள், இருக்கின்றன. 1892இல் நீக்கப்பட்ட நெல்வரியின் பதிவேடுகளையும் அங்கு விசாரியுங்கள். வரிக்காக எழுதியது என்பதால் வயலின் பெயரும் விதைப்பாடும் கவனமாக எழுதப்பட்டிருக்கும். அந்த வயற்பெயர் இன்றும் ஊர்க் கமக்காரர் வாயில் இருந்தால், வரம்பைவிட அது நல்ல சாட்சி. கண்ணைப் பழக்க விரும்பினால் தலவத்துகொட, பெல்லன்வில, அத்திடியப் பக்கத்துச் சதுப்புகளைச் செய்மதிப் படத்தில் பாருங்கள். நாணலுக்குக் கீழே கைவிட்ட நெல்வயல்களின் கட்டங்கள் தெரியும். அவை நம் பெற்றோர் காலத்தில் கைவிட்டவை. வரம்பு எவ்வளவு விரைவாக மங்குகிறது என்பதை அங்கேயே அளந்துகொள்ளலாம்.

ஊருக்குப் போகும்போது கிராம அலுவலரிடம் அந்தத் துண்டில் கண்ணிவெடி அகற்றி முடிந்ததா என்று கேட்காமல் காட்டுக்குள் இறங்க வேண்டாம். வன இலாகா எல்லைக்குள் என்றால் அவர்களின் அனுமதி வேண்டும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடி மண் கிளறுவது குற்றம். 1815 மார்ச் 2க்கு முந்தியவை அந்தச் சட்டத்துக்குள் வரும். ஒரு பானை ஓட்டைக்கூட எடுக்காதீர்கள், கிடந்த இடத்திலேயே அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, ஜீ.பி.எஸ். எண்ணை எழுதுங்கள். இந்த வயலைச் செய்தவர் என்ன மொழி பேசினார் என்று உங்களிடம் கேட்பார்கள். வரம்பும் வாய்க்காலும் அதற்கு விடை தராது, அதை வைத்து யார் உரிமை பேசினாலும் சான்று அவர்களுக்குத் துணை நிற்காது. காணிக்காரரின் சம்மதத்தோடு செய்யுங்கள், பதிவின் ஒரு பிரதியை அவரிடமே கொடுங்கள்.

அவசரமான ஒன்றும் உண்டு. கைவிட்ட குளங்களைத் திருத்தும் வேலை எங்கும் நடக்கிறது. ஊருக்குத் தண்ணீர் வேண்டும், அதில் மறுபேச்சில்லை. ஆனால் பெக்கோ இறங்கினால் பழைய துருசுக் கல் முதல் நாளே கட்டுக்குள் புதையும். அறுவடை இயந்திரம் திரும்புவதற்காகச் சிறு துண்டுகளை ஒன்றாக்கி மட்டப்படுத்தும்போது மேலே நான் சொன்ன 20 சென்ரிமீற்றர் படி ஒரே காலையில் போய்விடும். வேலை தொடங்கும் திகதியைக் கமக்காரர் அமைப்பின் செயலாளரிடம் கேட்டு அறியுங்கள். அதற்கு முன் ஒரு வாரம் கிடைத்தால் துருசு, மிகை நீர் வழியும் கலிங்கு, உடைப்பு மூன்றின் இடத்தையும், கட்டின் நீளத்தையும், மேல் வாய்க்கால் இரண்டின் போக்கையும் கைப்பேசியில் நடந்தபடியே பதிந்துவிடலாம். இரண்டு பேருக்கு ஒரு நாள் வேலை.